உன் மாமா கட்டிய வீடு

அன்பு மகனுக்கு,

ஸலாம். நலமா என்று கேட்டு முதல் வரியை வீணாக்கப் போவதில்லை. சிங்கப்பூரில் நீ நலமாய் இருப்பது போன வாரம் உன் உம்மாவுக்கு எழுதிய கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. கல்யாணச் சட்டைக்குக் கழுத்தளவு கேட்டதற்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் எனக்கு ஒரு வரி: ‘வாப்பாவுக்கு ஸலாம் சொல்லவும்.’ உன் காசிம் மாமாவுக்கு ஒன்றரைப் பக்கம். இந்த மனுஷன் இதையுமா எண்ணிப் பார்த்தார் என்று நீ சிரிப்பாய். சிரி. எண்ணித்தான் பார்த்தேன். இந்தக் கடிதம் முழுக்க என்னுடைய அந்தப் புத்தியைப் பற்றியதுதான்.

இன்னும் பதினைந்து நாளில் உனக்கும் காசிமின் மகள் மரியத்துக்கும் நிக்காஹ். உன் உம்மாவோடு கூடப் பிறந்தவன், எனக்கு மச்சான், உனக்கு மாமா, இனி மாமனாரும் ஆகப்போகிறான். அவனை நான் ‘அவன்’ என்று எழுதுவதைப் பார்த்து முகம் சுளிக்காதே. எங்களுக்கு ஒரே வயது, ஒரே ஊர், வந்ததும் ஒரே கப்பல். நீ ‘அவர்’ என்றே வாசித்துக்கொள். மாமா ஏன் சட்ட மன்றத்துக்குப் போகவில்லை என்று ஒரு தடவை என்னிடம் கேட்டாய். நான் மழுப்பினேன். அவன் போகாததற்குக் காரணம் நான். என் வாயிலிருந்து வந்த நாலு வார்த்தை. அதைத் தெரிந்துகொள்ளாமல் நீ அவன் மகளுக்குக் கணவனாகக் கூடாது. நாளைக்கு வேறு யார் வாயிலாவது இதைக் கேட்டால் என்னை மன்னிக்கவே மாட்டாய். இப்போது மட்டும் மன்னிப்பாயா என்பதும் எனக்குத் தெரியாது.

நாங்கள் மலாக்காவில் இறங்கியபோது இரண்டு பேர் கையிலும் ஒரே அளவு தகரப் பெட்டி. காஜா பேராங்கில் ஒரே மளிகைக் கடையில் ஒரே சம்பளத்துக்கு நின்றோம். மலாய் எனக்குத்தான் முதலில் வந்தது. அரபு எழுத்தில் மலாய் எழுதும் ஜாவியில் மனு எழுதும் அளவுக்கு நான் கற்றுக்கொண்டு, பிறகு அவனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் கடைக்கு வரும் மலாய்ப் பெண்கள் வெங்காயத்தை என்னிடம் வாங்கிக்கொண்டு கதையை அவனிடம்தான் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் ஒருத்தியின் தங்கையைத்தான் பின்னால் கட்டிக்கொண்டான், அதுதான் உன் மாமி. அவன் ஆறடி. நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றால் தலை மட்டும் தெரியும். அவன் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் போகும். என் குரல் சில நேரம் எனக்கே கேட்காது. இதெல்லாம் அல்லாஹ் கொடுத்தது, இதற்கு அவன் என்ன செய்வான் என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நூற்றி ஓராவது தடவை மறுபடியும் வயிறு எரியும். பிறகு எனக்குச் சொந்தக் கடை அமைந்தது. அவன் நாலு கடை தள்ளிச் சொங்கோக் தொப்பி தைத்து விற்க ஆரம்பித்தான். இரண்டில் என் கடைதான் பெரியது. ஆனால் கூட்டம் என்னவோ அவன் கடை முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில்தான் நிற்கும். வெயிலுக்கு ஒதுங்குகிறவன்கூட என் கடை வாசலைத் தாண்டிப் போய் அவன் கடை வாசலில் ஒதுங்குவான்.

ஒரு மழைக்காலத்தில் லோங்காங் பொங்கி, சாக்கடைத் தண்ணீர் நம் தெரு வீடுகளுக்குள் முழங்கால் அளவு ஏறியது உனக்கு நினைவிருக்கும். கட்டிலின் மேல் உட்கார்ந்து நீ காகிதக் கப்பல் விட்டாய். அரசாங்கத்துக்கு மனு கொடுப்போம் என்று சொன்னது நான். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகளுக்குக் காய்ச்சல், எந்த முனையில் அடைப்பு, எந்த வருடம் கடைசியாகத் தூர் வாரினார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு மூன்று நாள் உட்கார்ந்து எழுதியதும் நான். அதை எடுத்துக்கொண்டு ஊர் ஜனத்தைத் திரட்டிப் பண்டார் ஹிலிரில் இருக்கும் சிவப்புக் கட்டடத்துக்குப் போனது காசிம். படியில் நின்று அவன் பேசிய பேச்சுக்கு வெள்ளைக்கார அதிகாரி மேஜையை விட்டு எழுந்து வெளியே வந்தான். பேச்சு என்ன பேச்சு, என் மனுவில் இருந்ததைத்தான் சத்தமாகச் சொன்னான். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. நடுவில் காசிம், வலது பக்கம் அதிகாரி, இடது பக்கத்தில் ஒரு முழங்கை. அந்த முழங்கை என்னுடையது. உன் உம்மா அந்தப் படத்தைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு, நான் சோறு தின்னும் இடத்துக்கு நேர் எதிரே மாட்டினாள். “எங்க காக்கா எப்புடி நிக்கிறாங்க பாருங்க!” என்று தன் அண்ணனை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். முழங்கையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. பத்து வருடமாகத் தினம் இரண்டு வேளை அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.

அதோடு அவனுக்கு ஏறுமுகம். நகராட்சிக்கு முதல் தடவை ஓட்டு வைத்தபோது நின்றான், ஜெயித்தான். லோங்காங்குக்குச் சிமெண்டு வந்தது, தெருமுனையில் குழாய் வந்தது, மலாய்க் குடியிருப்பான கம்போங்கின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. மலாய்க்காரர்கள் வீட்டு விருந்தில் அவனை முதலில் உட்கார வைப்பார்கள். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து சேர்ந்த தமிழ் ஆட்கள் அவனைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். என் கடைக்கு வந்து, “பாய், கவுன்சிலர் வீட்ல இருக்காரா?” என்று என்னையே கேட்டவர்கள் எத்தனை பேர்! அவர்களை நான் பொறுத்துக்கொண்டேன். நீ செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மேல் வகுப்புக்கு மாறிய அன்று புது வாத்தியார் உன்னை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதற்கு, “கவுன்சிலர் காசிமோட மருமவன்” என்றாயாம். வாத்தியாரே கடைக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னார். நானும் சிரித்தபடி அவருக்குச் சர்க்கரை கட்டிக் கொடுத்தேன். நான் உன் மேல் கோபப்பட்டதாக நினைக்காதே. உன்னையும் அவன் எடுத்துக்கொண்டான் என்று அவன் மேல்தான் கோபப்பட்டேன்.

இப்போது நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பெண்ணுக்குத் தகப்பன் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். தகப்பன் இல்லையென்றால் கூடப் பிறந்தவன் கட்டிக் கொடுக்க வேண்டும். அதனால்தான் நம் ஊர்ப் பெண்கள் கப்பல் ஏறுவதில்லை. ஆண்கள் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிப்பார்கள், பெண்கள் தங்கள் வீட்டில் ராணி மாதிரி இருப்பார்கள். உன் உம்மா ஏன் கப்பல் ஏறினாள் என்று நீ என்றைக்காவது யோசித்திருக்கிறாயா? அவளுக்கு இருக்க வீடு இல்லை. அவள் வாப்பா மவுத்தானபோது இருந்த வீடும் கைவிட்டுப் போயிற்று. எனக்குக் கட்டிக் கொடுத்தபோது காசிமிடமும் ஒன்றும் இல்லை. பரவாயில்லை என்று பெரிய மனது பண்ணித்தான் கட்டிக்கொண்டேன். அந்தப் பெரிய மனது எத்தனை நாளைக்கு நின்றது என்பதுதான் கேள்வி.

காசிம் கவுன்சிலரான பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். கிளேபாங்கில் தன்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். உன் உம்மாவுக்கு அவன் வாயைப் பார்த்துக்கொண்டே பரிமாறுவதில் கண் நிறைந்துபோயிற்று. என் தட்டு காய்ந்து கிடந்தது. “காக்கா, இன்னுங் கொஞ்சம் ஆணம் ஊத்தட்டா?” என்று குழம்புச் சட்டியோடு கேட்டாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “நல்லா ஊத்து. ஒங்க வாப்பா குடுத்த வீட்டுல ஒக்காந்துதானே திங்கிறோம்! வீடில்லாம பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்தவளுக்குக் கை மட்டும் என்ன தாராளம்!” என்றேன். அவள் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே சட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். காசிம் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். கை கழுவினான். “மச்சான் சொல்றது நெசந்தானே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் முகம் வாடியதைப் பார்த்து அன்றைக்கு எனக்கு ஒரு திருப்தி. ஒன்று சொல்கிறேன் மகனே, நீ கைப்பிடிக்கிறவள் எதைக் கொண்டு வந்தாள், எதைக் கொண்டு வரவில்லை என்று வாழ்நாளில் ஒரு தடவைகூட வாய் திறக்காதே. கோபத்தில் சொன்னேன் என்றெல்லாம் பிறகு சமாளிக்க முடியாது. அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டவள் சாகும் வரைக்கும் மறக்க மாட்டாள்.

சுதந்திரம் கிட்டத்தில் வந்துவிட்டது என்று எல்லாரும் பேச ஆரம்பித்த காலம். நாடு முழுக்க ஓட்டுப் போட்டுச் சட்ட மன்றத்துக்கு ஆள் அனுப்பும் தேர்தல் வந்தது. காசிமை நிறுத்தலாம் என்று கட்சியில் பேச்சு. தமிழர்களும் போடுவார்கள், மலாய்க்காரர்களும் போடுவார்கள், அப்படி ஓர் ஆள் மலாக்காவில் வேறு யார்? ஆனால் கம்போங் பெரியவர்கள் சரி என்று சொல்ல வேண்டும், அவர்களில் பா ஹாஜி சொன்னால் முடிந்தது. உன் மாமிக்குப் பெரியப்பா முறை அவர். அதே சமயத்தில் ஊரிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஒருவர் என் கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, “ஒங்க மச்சான் ஊர்ல மாடி வீடுல்ல எழுப்புறாரு! தேக்கு நெலை வந்து எறங்கியிருக்கு, ஊரே வேடிக்க பாக்குது” என்றார். காசிம் என்னிடம் மூச்சு விடவில்லை. இங்கே பெயர் எடுத்தது போதாதென்று அங்கேயும் மாடி கட்டிப் பெயர் எடுக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

மறுவாரம் பா ஹாஜி மல்லி வாங்க வந்தார். கடையில் வேறு ஆள் இல்லை. பேசியது மலாயில், உனக்குத் தமிழில் எழுதுகிறேன். “காசிமை அனுப்பலாம்னு கேக்குறாங்க. நீ சொந்தக்காரன், நீ என்ன சொல்ற?” என்றார். நான் மல்லியை நிறுத்துக்கொண்டிருந்தேன். “நல்லவன் பா ஹாஜி. பேசத் தெரிஞ்சவன். ஒரு குறையும் சொல்ல முடியாது” என்றேன். அங்கேயே வாயை மூடியிருக்கலாம். தராசு நேராக நின்றுவிட்டது, நான் இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். “என்ன யோசிக்கிற?” என்று அவரே கேட்டார். அவர் கேட்க வேண்டும் என்றுதான் நான் யோசிக்கிற மாதிரி நின்றேன். “ஒண்ணுமில்ல. ஊர்ல பெருசா வீடு கட்டிக்கிட்டிருக்கான். மாடி வீடு. அதான்.” “எந்த ஊர்ல?” “எங்க ஊர்ல. இந்தியாவுல.” பெரியவர் பையிலிருந்து காசை எடுத்த கையை நிறுத்தினார். பிறகு, “அவன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?” என்றார். “எனக்குத் தெரியாதே” என்றேன். ஒரு வார்த்தை பொய் இல்லை, பார். அவர் பொட்டலத்தில் ஒரு பிடி மல்லி கூடவே அள்ளிப் போட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்று வரைக்கும் விளங்கவில்லை.

அந்த நேரத்தில் அந்தப் பேச்சு எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். யார் இந்த மண்ணில் இருப்பான், யார் மூட்டை கட்டுவான் என்பதுதான் தேநீர்க் கடையில், பள்ளிவாசலில், எங்கு பார்த்தாலும் பேச்சு. ஒரு பிடி மண்ணும் தனக்கு இந்தியாவில் இல்லை, தன் கபுர்க் குழி இங்கேதான் என்று மேடைக்கு மேடை சொன்னவன் அங்கே மாடி வீடு கட்டினால் யார் நம்புவார்கள்? யாரும் அவனைத் திட்டவில்லை. அவன் பேரை விட்டுவிட்டு வேறு பேரைச் சொன்னார்கள், அவ்வளவுதான். இடம் பண்டார் ஹிலிர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்குப் போயிற்று. அந்த ஆள் மனு தாக்கலுக்குப் போட்டுக்கொண்டு போகப் புதுச் சொங்கோக் தைக்கக் காசிமிடம்தான் வந்தார். காசிம் அவர் தலையை நாடாவால் அளந்து, நல்ல வெல்வெட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்து வாழ்த்தி அனுப்பினான். நானாக இருந்தால் நெற்றியில் தழும்பு விழுகிற மாதிரி இறுக்கித் தைத்திருப்பேன். அவன் அப்படிச் செய்யாததிலும் எனக்கு எரிச்சல்தான். விழுந்த பிறகும் அவன் என்னை விட உயரமாகவே நின்றான்.

அந்த நோன்புப் பெருநாளன்று தொழுதுவிட்டு நேராக நம் வீட்டுக்கு வந்தான். நீ அப்போது சிநேகிதர்களோடு வெளியே போயிருந்தாய். உன் உம்மா கையில் ஒரு உறையைக் கொடுத்து, “ஒனக்குத்தாம்மா. வாப்பா குடுக்க வேண்டியது, கொஞ்சம் சொணங்கிப் போச்சு” என்றான். ஊர் வீட்டுப் பத்திரம். மாடி வீடு, தேக்கு நிலை, எல்லாம் உன் உம்மா பேரில். அவள் பத்திரத்தைப் படிக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டினாள். நான் படித்தேன். என் மனைவிக்காகக் கட்டிய வீட்டைச் சொல்லித்தான் அவனை நான் கவிழ்த்திருக்கிறேன். நம் ஊரில் ஓர் ஆண் வீடு கட்டினால் அது யாருக்கு என்று கேட்கவே வேண்டாம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. உன் உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “இனிமே என்ன வீடில்லாதவன்னு சொல்ல மாட்டீங்கள்ல?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் பத்திரத்தை மடித்து உறைக்குள் போட்டேன். அன்றிலிருந்து காசிமோடு ஒரே சகனில் நான் உட்கார்ந்ததில்லை. கல்யாண வீடுகளில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கை போட வேண்டுமே, அவன் எந்தச் சகனில் உட்காருகிறான் என்று பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவேன். வயிறு சரியில்லை என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த கதை இதுதான். என் வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை.

பிறகு பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரம் என்றைக்கு என்று அறிவித்த நாள் வந்தது. நீ, நான், மாமா மூவரும் சேர்ந்துதான் போனோம். கூட்டம் நெருக்கியதில் நான் பின்னால் தங்கிவிட்டேன். எனக்கு முன்னால் முதுகுகள்தான் தெரிந்தன. நீ நெருக்கிக்கொண்டு போய் மாமா பக்கத்தில் நின்றாய். அவன் உன் தோளில் கை போட்டுக்கொண்டு, மேடையில் யார் யார் என்று விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். மேடையில் இருக்க வேண்டியவன் அவன். ஜனம் மெர்டேக்கா என்று கத்தியபோது அவன் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. அழுதுகொண்டே கத்தினான். திரும்பி வரும்போது நீ என்னிடம், “வாப்பா, மாமா ஏன் மேடையில இல்ல? அவங்களுக்கு என்ன கொறச்சல்?” என்று கேட்டாய். “எல்லாம் தலையெழுத்து” என்றேன். சுதந்திர நாளைக் கேட்டு நாடே ஆரவாரிக்கும் நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? இவ்வளவு செய்த பிறகும் பிள்ளை என் பக்கத்தில் நிற்கவில்லையே என்பதுதான்.

இப்போது நடப்புக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் காசிம் கடைக்கு வந்தான். தெருவெல்லாம் அவனைப் பார்த்து எழுந்து நிற்கிற ஆள், என் கடை முக்காலியில் நுனியில் உட்கார்ந்தான். “மச்சான், வழக்கப்படி மரியத்துக்கு நான் வீடு குடுக்கணும். எங்கிட்ட ஒண்ணுமில்ல. நாங்க இருக்குறதும் வாடகை வீடு. சபையில கேட்டா நான் என்ன சொல்றது?” என்றான். ஏன் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியாதா? எங்களுக்குக் கொடுத்ததால்தான் இல்லை. அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது, “பாக்கலாம்.” அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவன் குனிந்து போவதைப் பார்க்க, அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும், எனக்கு இனித்தது. முழுதாக ஒரு வாரம் அந்த இனிப்பிலேயே இருந்தேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. அந்த ஒன்றரைப் பக்கத்தில் நீ எழுதியிருந்தாய், ‘மாமா, மரியத்தை அழைத்து வருவதற்கு நான் வீடு எதுவும் எதிர்பார்க்கவில்லை, அதைப் பற்றி வாப்பாவிடம் பேசிச் சங்கடப்பட வேண்டாம்’ என்று. என்னிடம் பேசினால் சங்கடம் என்று என் மகனுக்குத் தெரிந்திருக்கிறது. நீ எழுதிய ஒரு வரி ஸலாமை விட அதுதான் என்னைக் கொன்றது.

நேற்று அஸர் தொழுதுவிட்டு அவன் கடைக்குப் போனேன். இப்போதும் அஞ்சடியில் மேஜை போட்டு உட்கார்ந்து குடியுரிமைத் தாள் நிரப்பிக் கொடுக்கிறான். உன் தாளும் என் தாளும் அவன் நிரப்பியவைதான். ஒரு ரிக்‌ஷாக்காரருக்கு எழுதிக்கொண்டிருந்தான். “இவருக்கு முடிச்சுட்டு வர்றேன் மச்சான்” என்றான். அவர் கைநாட்டு வைத்துப் போனதும் உள்ளே வந்தான். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மல்லியை நிறுத்தது முதல், கூட ஒரு பிடி போட்டது வரைக்கும் சொன்னேன். கப்பலில் வந்த ஊர்க்காரர்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று அவன் இத்தனை வருடம் நினைத்திருக்கிறான். “ஏன் வாயத் தொறக்கல நீ? தங்கச்சிக்குக் கட்டுற வீடுன்னு பா ஹாஜிக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே!” என்றேன். அவன் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான். “இப்ப ஏன் கட்டுறேன்னு கேப்பாங்கள்ல மச்சான்? தங்கச்சி புருஷன் சோத்து முன்னால வெச்சு அவள வீடில்லாதவன்னு சொன்னான்னு கம்போங்ல போயி சொல்லச் சொல்றியா?” என்றான். பிறகு, “மரியம் அப்ப பதினாலு வயசுப் புள்ள. என் பாஸ்போர்ட்ட எடுத்து அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சா. ஆறு மாசம். வாப்பா இந்தியாவுக்கு ஓடிப் போயிருவாங்கன்னு. அத நான் யாருக்கிட்டயும் சொன்னதில்ல” என்றான். குரல் உயரவே இல்லை. அந்தக் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

நான் கொண்டுபோன பத்திரத்தை மேஜையில் வைத்தேன். கடைக்குப் பின்னால் நாம் இருக்கும் பலகை வீடு. மரியம் பேரில் எழுதியிருக்கிறேன். உன் உம்மாவிடம் கேட்டுத்தான் செய்தேன். அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நான்கு நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை. “நீ குடுத்ததா இருக்கட்டும். சபையில என் பேரு வர வேணாம்” என்றேன். “ஊருக்குப் பொய் சொல்லச் சொல்றியா?” என்றான். “என் பேர விட்டுரு, அவ்வளவுதான்” என்றேன். பத்திரத்தை அவன் கையால் தொடவில்லை. தொப்பி அச்சுக் கட்டையை எடுத்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் வைத்தான். பிறகு, “கெளம்பு மச்சான். கடையச் சாத்தணும்” என்றான். இத்தனை வருடத்தில் அவன் என்னை வெளியே போகச் சொன்னது அதுதான் முதல் தடவை. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் அங்கேயே மன்னித்திருந்தால், இவ்வளவு பெரிய மனது இவனுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று அதற்கும் பொறாமைப்பட்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

மகனே, இதைப் படித்துவிட்டு நீ மரியத்திடம் சொல்வாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். சொல்லத்தான் வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அரிசிப் பானைக்குள் பாஸ்போர்ட்டை ஒளித்த பிள்ளைக்குத் தன் மாமனார் யார் என்று தெரிய வேண்டும். அவள் வேண்டாம் என்றால் அதையும் நான் கேட்டுக்கொள்கிறேன். என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரே ஒரு புத்திதான் உண்டு. இன்னொருவரைப் பற்றிய உண்மை உன் வாயில் இனித்தால், அதை வெளியே விடாதே. நான் சொன்னதில் பொய் இல்லை என்று எத்தனையோ நாள் எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன், ஒரு நாள்கூட ஜெயிக்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக நடந்தால், நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளைச் சகன் வைப்பார்கள். அதில் நீ, உன் மாமா, நான் மூவரும் கை போட வேண்டும். இந்தத் தடவை வயிறு சரியில்லை என்று நான் எழுந்து போக மாட்டேன். காசிம் மகளுக்கு வீடு கொடுத்துவிட்டார், என்ன மனுஷர் என்று சபையில் பேசுவார்கள். அப்போது என் முகத்தைப் பார்க்காதே, அது கோணத்தான் செய்யும். நீயும் வாயைத் திறக்காதே. நான் கை போடும் அந்தச் சோற்றில் மாமா கை வைக்காவிட்டாலும் நீ கலங்காமல் சாப்பிடு, அது எனக்கும் அவருக்கும் உள்ளது. சகன் வட்டமானது, நடுவில் உட்கார இடம் கிடையாது. யாராவது ஒருவரை ஒட்டித்தான் நீ உட்கார வேண்டியிருக்கும். நீ வழக்கம் போல என் முகத்தைப் பார்த்துத் தயங்குவாய். தயங்காதே. அவர் பக்கம் உட்கார்.

உன் வாப்பா